பள்ளியில் நூலகம் இருக்கிறது, நூலகர் இருக்கிறாரா?

எல்லாம்தான் கூகுளில் கிடைக்கிறதே, அப்புறம் பள்ளிக்கு நூலகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சரி, விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

உலக அளவில் நூலகங்களுக்கான கூட்டமைப்பு இஃப்லா. அதுவும் யுனெஸ்கோவும் சேர்ந்து 1999-இல் பள்ளி நூலகப் பிரகடனம் ஒன்றைக் கொண்டுவந்தன. வயது, பாலினம், மதம், மொழி எதையும் பார்க்காமல் பள்ளியில் உள்ள எல்லோருக்கும் நூலகச் சேவை கிடைக்க வேண்டும் என்கிறது அது. நூல்களும் சேவையும் கிடைப்பதில் அரசியல், மதத் தணிக்கையோ வணிக நெருக்குதலோ கூடாது. இதற்கெல்லாம் சட்டமும் கொள்கையும் வகுப்பது அரசின் பொறுப்பு. முக்கியமானது இது: நூலகத்தை நடத்துபவர் அதற்கென்றே தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். 2015-இல் வந்த இஃப்லா வழிகாட்டி நூலகப் படிப்போடு வகுப்பெடுக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. ஆசிரியர்-நூலகர் என்பது அவரைத்தான்.

இந்தப் பிரகடனம் சட்டமல்ல, இதைக் காட்டி யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை அப்படியல்ல, ஏற்றுக்கொண்ட நாடுகளை அது கட்டுப்படுத்தும். பலவகை மூலங்களிலிருந்தும் தகவல் பெறும் வாய்ப்பைக் குழந்தைகளுக்கு உறுதிசெய்ய வேண்டும் என்று அதன் 17-ஆவது பிரிவு சொல்கிறது, குழந்தைகளுக்கான புத்தகங்களை ஊக்குவிக்கவும் சொல்கிறது.

அந்தத் தகவல்தான் போனிலேயே இருக்கிறதே என்றால், ஆறாம் வகுப்புப் பிள்ளையைத் தேனீ பற்றி எழுதச் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் பக்கத்தைத் திறந்து அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடும், அது தேன் விற்பவரின் பக்கமாக இருக்கும், தேன் எல்லா நோயையும் தீர்க்கும் என்று அதில் போட்டிருக்கும். பக்கத்தில் ஒரு நூலகர் இருந்தால் "இதை எழுதினது யாரு, அவருக்கு இதுல என்ன லாபம்?" என்று கேட்பார், அதையே வேறு இரண்டு இடங்களில் பார்க்கச் சொல்வார். இந்தப் பழக்கத்தை எந்தத் தேடுபொறியும் கற்றுத் தராது.

அலமாரியும் அப்படித்தான். கோள்கள் ஒன்பது என்று சொல்லும் புத்தகம் இன்னும் எத்தனை பள்ளிகளில் கிடக்கிறதோ. புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தது 2006-இல். பழசை எடுத்துப் புதியதை வைக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் புத்தகமும் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

பல இடங்களில் பூட்டிய ஓர் அறை, அல்லது நாலு கணினி, அதையே நூலகம் என்று கணக்குக் காட்டிவிடுகிறார்கள். அதனால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், பெரிய எண்ணாக ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். நூலகத்துக்குப் பொறுப்பு யார், அவர் அதற்குப் படித்தவரா, நூலக வகுப்பில் கணக்குப் பாடம் நடத்துகிறார்களா, போன மாதம் என் பிள்ளை வீட்டுக்கு எடுத்துவந்த புத்தகம் எது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் பதிவேட்டிலேயே இருக்க வேண்டும்.