தடைப்பட்டியலில் உள்ள பெயரோடு உங்கள் பெயர் ஒத்துப்போனதால் பணம் நின்றுவிட்டதா?

ஈரான், ரஷ்யா, வடகொரியா மீது 2017-இல் அமெரிக்கா ஒரு தடைச் சட்டம் போட்டது. இவற்றோடு சீனாவும் கைகோப்பதை முறியடிக்க உத்தி வகுக்கச் சொல்லும் மசோதா 2025-இல் செனட்டுக்கு வந்தது. பின்னணி இவ்வளவு போதும். நம்மைப் பிடிப்பது அமெரிக்க நிதித்துறையின் ஓஃபாக் (OFAC) என்ற தடை அமலாக்க அலுவலகம் வைத்திருக்கும் தடைப்பட்டியல்தான்.

2011-இல் கலிஃபோர்னியாவில் செர்ஜியோ ராமிரெஸ் மனைவியோடு கார் வாங்கப் போனார். அவர் பெயர் தடைப்பட்டியலில் இருப்பதாகச் சொல்லி விற்க மறுத்தார்கள். கடைசியில் மனைவி பெயரில் வாங்கினார்கள். கடைக்கு அவருடைய கடன் அறிக்கையை (கடன் வரலாற்றுக் குறிப்பை) தந்த டிரான்ஸ்யூனியன் நிறுவனம் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டும் ஒப்பிட்டிருந்தது. பிறந்த தேதியைக்கூடப் பார்க்கவில்லை!

இப்படிக் கடன் அறிக்கையில் தவறு வந்தால் ஓஃபாக்குக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள். அவர்கள் அதைத் திருத்தமாட்டார்கள். அறிக்கை தந்த நிறுவனத்துக்கே எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். கட்டணம் இல்லை, பொதுவாக 30 நாளில் விசாரித்தாக வேண்டும்.

வங்கியில் பணம் நின்றால் கதை வேறு. "பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். நிறுத்தி வைத்திருக்கிறார்களா, நிராகரித்தார்களா, முடக்கிவிட்டார்களா என்று எழுத்தில் கேளுங்கள். நிறுத்தி வைத்திருந்தால் அன்றே பாஸ்போர்ட் நகலைக் கொடுங்கள். வங்கியே சரிபார்த்து விடுவிக்கலாம். நிராகரித்தால் பணம் அனுப்பியவருக்கே திரும்பும். முடக்கிவிட்டால் மேலாளர் நினைத்தாலும் தர முடியாது. அது வட்டியோடு தனிக்கணக்கில் கிடக்கும். அப்போதுதான் ஓஃபாக்குக்கு எழுத வேண்டும்: வங்கி, தொகை, முடக்கிய தேதி, அனுப்பியவர், பெறுபவர், எதற்கான பணம், பட்டியலில் இருப்பவர் வேறு ஆள் என்பதற்குக் காரணம். ஒன்று விட்டாலும் திரும்ப அலைய வேண்டிவரும்.

பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கோரும் மனுவைப் பலர் தவறாக அனுப்புகிறார்கள். அது பட்டியலில் உள்ளவருக்கு. பெயர் ஒத்தவருக்கு அல்ல. ஓஃபாக்குக்குக் கட்டணமும் கிடையாது. "ஓஃபாக் கட்டணம்" என்று எந்த ஏஜென்ட் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

நம்மவர்களுக்கு ஒன்று: இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயரை எழுதுங்கள்.

அப்புறம், உங்கள் கடன் அறிக்கையை யார் யார் வாங்கினார்கள் என்று காட்டும் பக்கத்தை எடுத்து வையுங்கள். டிரான்ஸ்யூனியன் மீது ராமிரெஸ் தொடுத்த வழக்கில், இதேபோல் பாதிக்கப்பட்டதாக 8,185 பேர் இருந்தார்கள். 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிக்கை வெளியாருக்குப் போன 1,853 பேரின் பாதிப்பைத்தான் ஏற்றது.