கருப்பு நகைச்சுவையா, கருப்பஞ்சாறா?

போன மாதம் புதுச்சேரியில் ஒரு குறும்படத் திரையிடலுக்குப் போயிருந்தேன். மைக்கைப் பிடித்த தம்பி, "அடுத்து வருவது ஒரு கருப்பு நகைச்சுவைப் படம்" என்று அறிவித்தார். பக்கத்து நாற்காலிப் பெரியவர் என் பக்கம் சாய்ந்து, "ஏன் தம்பி, கருப்பு வெள்ளைப் படமா?" என்றார்.

"இல்லைங்க ஐயா, கலர்தான்."

"அப்புறம் எதுக்குக் கருப்புன்றாரு?"

விளக்கலாமென்று வாயைத் திறப்பதற்குள் படம் ஓட ஆரம்பித்துவிட்டது. அப்பாவின் பிணத்தைக் கூடத்தில் கிடத்திவிட்டு, ஐஸ் பெட்டி வாடகைக்கு அண்ணனும் தம்பியும் பேரம் பேசுகிற கதை. "ஒரு ராத்திரிக்குத்தானே, அரை வாடகை போட்டுக்குங்க" என்று தம்பிக்காரன் சொன்னபோது அரங்கிலேயே முதலில் சிரித்தது அந்தப் பெரியவர்தான். சரக்கு அவருக்கு நன்றாகவே புரிந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டுதான் புரியவில்லை.

இந்தச் சீட்டை நான் கேட்பது இது முதல் தடவை இல்லை. விமர்சனங்களில், பட அறிமுகங்களில், கதைத் தொகுப்புகளின் பின்னட்டையில் என்று எங்கே பார்த்தாலும் கருப்பு நகைச்சுவை. சாவு, துயரம் மாதிரி சிரிக்கக்கூடாத விஷயங்களில் சிரிப்பதற்கு ஆங்கிலத்தில் 'பிளாக் ஹ்யூமர்' என்று பெயர், அதை அப்படியே தமிழாக்கியது இது. அன்றைக்குத்தான் எழுதித் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

மூலக் கதையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 'ஹ்யூமர்' லத்தீனில் ஈரம், நீர் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. நம் வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்பதுபோல ஐரோப்பிய வைத்தியத்தில் உடம்புக்குள் நான்கு நீர்கள். அதன் அளவைப் பொறுத்து மனுஷன் குணம், குணத்திலிருந்து கோணங்கித்தனம், அங்கிருந்து சிரிப்பு என்று பொருள் நகர்ந்தது. அந்த நான்கில் ஒன்று கரும்பித்தம், அது கூடினால் தீராத சோகம் பிடிக்கும் என்பார்கள். ஆக ஒரு பழைய ஐரோப்பிய வைத்தியரிடம் போய் 'கருப்பு ஹ்யூமர்' என்றால் அவர் மருந்துதான் எழுதிக் கொடுப்பார்.

இன்றைய பொருளில் அதைப் பரப்பியவர் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன். 'உய்மூர் நுவார்' என்று பெயரிட்டு ஒரு தொகைநூல் போட்டார். 1940இல் அச்சானது, போர்க்காலத்தில் ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரான்சின் விஷி அரசின் தணிக்கையில் மாட்டிக்கொண்டது, போர் முடிந்த பிறகுதான் ஒழுங்காக வெளியே வந்தது. அதில் முதல் ஆளாக அவர் உட்கார வைத்தது ஜோனதன் ஸ்விஃப்டை. அயர்லாந்தின் ஏழைகள் தங்கள் குழந்தைகளைப் பணக்காரர்களின் சாப்பாட்டுக்கு விற்றால் வறுமை தீரும் என்று, கணக்கெல்லாம் போட்டு, சிரிக்காமல் 1729இல் எழுதிய ஆசாமி அவர். ஜெர்மன்காரர்களுக்கு நிறமே தேவைப்படவில்லை, 'தூக்குமரச் சிரிப்பு' என்று வைத்துக்கொண்டார்கள். உளவியலாளர் ஃபிராய்ட் சொல்லும் உதாரணம் ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் தூக்குமேடைக்குக் கூட்டிப் போகிறார்கள், அந்தக் கைதி சொல்கிறான்: "வாரம் நல்லாத்தான் ஆரம்பிக்குது."

நுவார் என்றால் கருப்பு, சரி. புதுச்சேரிக்காரனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே நாம் இருந்த பக்கம் கருப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரன் பிரித்து வைத்த ஊர் இது. ஆனால் அகராதியில் நுவாருக்கு நேரே கருப்பு என்று இருப்பதால் தமிழிலும் கருப்பு என்று போட்டுவிட முடியுமா? 'கருப்பு' என்று இடையின ரு போட்டால் தமிழில் என்னவெல்லாம் வரும் என்று பார்த்தீர்களா? பஞ்சத்துக்குக் கருப்பு என்று பெயர். கரும்பு என்ற சொல் இன்னொரு சொல்லோடு சேரும்போது கருப்பு ஆகும். கருப்பஞ்சாறு, மன்மதன் கையிலிருக்கும் கருப்பு வில். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்தே வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்குக் கருப்பு நகைச்சுவை என்றால் தித்திப்பான நகைச்சுவை என்று படித்துக்கொள்ளவும் உரிமை உண்டு. வல்லின று போட்டுக் 'கறுப்பு' என்று எழுதுகிறவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்கிறது தொல்காப்பியம். முதலில் கோபம், நிறம் அதற்கடுத்த சூத்திரத்தில்தான் வருகிறது. கோப நகைச்சுவையா இது? கோபமே படாமல் சொல்வதில்தானே இதன் உயிர் இருக்கிறது.

நிறத்தை நிறமாகவே பெயர்ப்பது சோம்பல், அவ்வளவுதான் விஷயம். நமக்கு முந்தியவர்கள் அப்படிச் செய்யவில்லை. பிளாக் மார்க்கெட் வந்தபோது அது என்ன செய்கிறது என்று பார்த்துக் 'கள்ளச் சந்தை' என்றார்கள். எந்தப் பாட்டிக்கும் உரை தேவைப்படவில்லை. இப்போதைய ஆட்கள் கையில் அது கிடைத்திருந்தால் கருப்புச் சந்தை ஆகியிருக்கும், நாமும் அங்கே கருப்பட்டி விற்கிறார்கள் என்று போயிருப்போம். கருப்பு ஆடு, கருப்புப் பட்டியல், கருப்புப் பெட்டி என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. விமானத்தில் இருக்கும் அந்தப் பெட்டி ஆரஞ்சு நிறம் வேறு.

'இருண்ட நகைச்சுவை' என்றொரு கட்சி உண்டு. கடலூர்க்காரர்களிடம் அதைச் சொல்லாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய பிறகு இங்கே பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இருட்டில் என்னென்ன சிரிக்க முடியுமோ அத்தனையும் சிரித்து முடித்துவிட்டோம்.

எனக்கு உண்மையான சண்டை 'அவல நகைச்சுவை'யோடுதான். படித்தவர்கள் விரும்பும் சொல் இது, காதுக்கும் இலக்கணமாக இருக்கிறது. ஆனால் தெருவில் போகும் ஒருவரிடம் "அந்தப் படத்தில் அவல நகைச்சுவை" என்று சொல்லிப் பாருங்கள், "அவ்வளவு மோசமா?" என்பார். அவலமான சாலை, அவலமான கழிவறை, அந்த வரிசையில் அவலமான காமெடி. சரி, அவலத்துக்கு அழுகைச்சுவை என்ற பழைய பொருளையே எடுத்துக்கொள்வோம். அப்போதும் அது சோகமும் சிரிப்பும் மாறி மாறி வருகிற நாடகத்துக்குத்தான் பொருந்தும். ஒரு கண்ணில் தண்ணீர், ஒரு கண்ணில் சிரிப்பு, கடைசியில் எல்லோருக்கும் நெஞ்சு கனக்கும். நான் சொல்கிற சரக்கில் நெஞ்சு கனக்கக் கூடாது. கனத்தால் சொன்னவன் தோற்றான். 'அங்கதம்' என்பவர்களுக்கும் இதே பதில்தான். அங்கதம் ஒருவரைக் குறிவைத்து வசை பாடுவது, தொல்காப்பியமே அப்படித்தான் பேசுகிறது. ஐஸ் பெட்டிக்கு அரை வாடகை கேட்டவன் யாரைத் திட்டினான்?

எங்கள் பக்கத்துத் தெரு மாமா ஒருவர். தானேயில் அவர் வீட்டு ஓடு முழுக்கப் போய்விட்டது, பலா மரம் வேரோடு திண்ணைமேல் கிடக்கிறது. விசாரிக்கப் போன என் அப்பா, "வீடு எப்படி இருக்கு மாமா?" என்றார். மாமா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான்ப்பா நல்லா காத்தோட்டமா இருக்கு" என்றார். இதில் அவலமும் இல்லை, அங்கதமும் இல்லை. சிரிக்கக்கூடாத இடத்தில் நின்றுகொண்டு, முகம் மாறாமல், நிலவரத்தை உள்ளபடி சொல்வது. அந்த இடம்தான் இந்த வகைக்கு அடையாளம், நிறம் இல்லை.

இது ஏதோ பாரிஸிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ரசனை மாதிரிப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எரிச்சலாக வருகிறது. சின்ன வயதில் பண்ருட்டிப் பக்கம் பார்த்த கர்ண மோட்சக் கூத்து ஞாபகம் இருக்கிறது. விடியற்காலை, கர்ணன் சாகப்போகிறான், பொன்னுருவி தலைவிரி கோலமாக அழுகிறாள், கட்டியங்காரன் நடுவே புகுந்து, "சீக்கிரம் முடிம்மா, பால்காரன் வந்துடுவான்" என்றார். அழுதுகொண்டிருந்த கிழவிகள் அத்தனை பேரும் சிரித்தார்கள், உடனே திரும்ப அழவும் செய்தார்கள். ஃபிளெக்ஸ் கடைக்குப் போங்கள், போட்டோவை நீட்டினால் பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "பிறந்தநாளா, அஞ்சலியா?" என்பான். இரண்டுக்கும் அதே சிரித்த முகம்தான், ஓரத்தில் பூவா பலூனா என்பது மட்டும் தெரிய வேண்டும் அவனுக்கு.

சரி, அப்படியானால் எந்தச் சொல்? பேச்சில் 'எழவு வீட்டு நக்கல்' போதும். நக்கலைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் நகு என்ற வினைக்கு இறந்தகாலம் என்ன என்று பார்க்கட்டும். நக்கான், நக்காள். நக்கலும் அந்த வீட்டுப் பிள்ளை என்றே எனக்குப் படுகிறது. மேடைக்கும் அச்சுக்கும் கொஞ்சம் சலவை செய்த சொல் வேண்டுமென்றால் வள்ளுவர் எடுத்து வைத்திருக்கிறார்: "இடுக்கண் வருங்கால் நகுக." அதிலிருந்து 'இடுக்கண் நகை'. துன்பமும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது, பெயின்ட் வாசனை இல்லை.

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நண்பனுக்குப் போன் போட்டு, இடுக்கண் நகை எப்படி என்று பெருமையாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அது அடகுக் கடையில இருக்குடா" என்றான். "தை மாசம்தான் திருப்பணும்."