பிரத்யேகத் தாய்ப்பாலா, தாய்ப்பால் மட்டுமா?

பெரம்பூரில் இருக்கும் அக்கா மகளுக்குப் போன மே மாதம் பிள்ளை பிறந்தது. பார்க்கப் போனபோது, யாரோ ஆய்வுக்காகக் கொடுத்துவிட்டுப் போன படிவம் கட்டில்மேல் கிடந்தது. 'பிரத்யேக தாய்ப்பாலூட்டும் நோக்கத்தைப் பாதிக்கும் காரணிகள்' என்று தலைப்பு.

"அது என்ன சித்தி பிரத்யேகத் தாய்ப்பால்? அதுக்குன்னு தனியா ஏதாச்சும் குடுப்பாங்களா?" என்றாள். எம்.காம். படித்தவள். கொடுக்கப் போகிறீர்களா என்ற கேள்விக்கு, நல்லதாகத்தான் இருக்கும் என்று 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தாள். அன்று காலையில்தான் அவள் மாமியார் சேனை வைக்கிறேன் என்று பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்திருந்தார்.

மருத்துவர்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்: பிறந்ததிலிருந்து ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது, தண்ணீர்கூட. டாக்டர் எழுதித் தரும் மருந்து, விட்டமின் சொட்டு, உப்பு சர்க்கரைக் கரைசல் இவற்றுக்கு விலக்கு உண்டு. பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் புகட்டினாலும் அது தாய்ப்பால் கணக்குதான்.

ஆங்கிலத்தில் இதற்கு 'எக்ஸ்குளூசிவ் பிரெஸ்ட்ஃபீடிங்' என்று பெயர். அந்த 'எக்ஸ்குளூசிவ்'தான் படிவத்தில் 'பிரத்யேக' ஆகியிருக்கிறது. 'எக்ஸ்குளூசிவ்' என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது என்று பொருள். பிரத்யேகம் வடமொழி. பிரதி, ஏகம் இரண்டும் சேர்ந்தால் 'ஒவ்வொன்றாக' என்று வரும். தமிழுக்கு வந்து 'தனிச்சிறப்பான' என்று ஆகிவிட்டது. பிரத்யேகப் பேட்டி, பிரத்யேகத் தள்ளுபடி. பேட்டிக்காவது 'எங்களுக்கு மட்டும்' என்று சமாதானம் சொல்லலாம். பாலுக்கு? சாத்த வேண்டிய கதவு இந்தச் சொல்லில் இல்லவே இல்லை. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், உரைமருந்து, கிரைப் வாட்டர் எல்லாம் தாராளமாக உள்ளே வரலாம்.

வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. மேலே எழுதிய சர்க்கரையும் வடமொழி வழியாக வந்ததுதான். தனித்தமிழ் அன்பர்கள் தரும் 'தனித்தாய்ப்பால்' இன்னும் மோசம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயின் பால் என்றுதான் முதலில் படிக்கத் தோன்றுகிறது. 'முழுமையான தாய்ப்பால்' என்பதும் உதவாது. வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டு மேலுக்கு ஒரு சங்கு வெந்நீர் புகட்டுகிறவளும் முழுமையாகக் கொடுத்தவள்தானே?

இருக்கவே இருக்கிறது 'மட்டும்'. மட்டு என்றால் அளவு, எல்லை. 'இதோடு நிறுத்து' என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'தாய்ப்பால் மட்டும் ஊட்டல்' என்றால் ஆயா முதல் பேராசிரியர் வரை எல்லோருக்கும் புரியும். புரிந்துவிடுகிறதே, அதுதான் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் குறையாகப் படுகிறதோ என்னவோ! சந்தையில் புழங்கும் சொல்லுக்குக் கலைச்சொல் என்ற மரியாதை கிடைப்பதில்லை.

அப்புறம் படிவத்தின் தலைப்பில் இருந்த அந்தப் 'பாதிக்கும்'. மழை பாதிக்கும், நோய் பாதிக்கும். மனைவிக்காக இரவில் எழுந்து உட்காருகிற கணவனும் 'பாதிக்கும் காரணி'யா? சிசேரியன் வலி, 'பால் பத்தலை' என்று சுற்றி இருப்பவர்கள் கிளப்பும் பயம், வேலைக்குத் திரும்ப வேண்டிய தேதி, இவையெல்லாம் சேர்ந்துதான் ஒருத்தியின் முடிவைத் தீர்மானிக்கின்றன. தமிழக அரசு ஊழியைக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. தனியார் நிறுவனத்தில் சட்டப்படி 26 வாரம், அதாவது ஆறு மாதம். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு அந்த 26 வாரம் கைக்கு வருகிறதா என்று கேட்டிருந்தால் அது கேள்வி. 'தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் முடிவை எவை தீர்மானிக்கின்றன?' என்று தலைப்பு வைத்திருக்கலாம்.

பேனாவை வாங்கி 'பிரத்யேக' என்பதை அடித்துவிட்டு, 'ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட இல்லாமல்' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"இந்தக் கத்திரி வெயில்ல தண்ணிகூடவா?"

"பால்லயே நூத்துக்கு எண்பத்தேழு பங்கு தண்ணிதான்டி."

மாமியார் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கேட்டாள்.