மோட்டாரைக் கழற்றிப் போனார், சாமி படங்களை விட்டுப் போனார்

ஆவணி பிறந்தால் என் ஆபீஸுக்கு இந்தப் புகார் வந்துவிடும். ஆனிக்குள் கிரயத்தை முடித்துவிடுவார்கள். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் அந்த ஒரு மாதம் விற்றவருக்குக் காலி செய்ய அவகாசம். முழுப் பணமும் கைமாறிய பிறகு, வாங்கியவர் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு மாதம். அந்த மாதத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

இந்த வருடம் வந்தவர்கள் ஒரு இளம் தம்பதி. தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தனி வீடு. விடியற்காலை நாலரை மணிக்குப் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு பால் காய்ச்சப் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்து ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரியவில்லை. கரண்ட் இருந்தது, பல்புதான் இல்லை. ஹாலில் ஃபேன் இருந்த இடத்தில் கொக்கி மட்டும் இருந்தது. பக்கத்திலேயே இரண்டு ஒயர், டேப் கூடச் சுற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சரி என்று செல்போன் வெளிச்சத்தில் அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்திருக்கிறது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் போர்வெல் வாயில் ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தது. மோட்டார், கேபிள், ஸ்டார்ட்டர் பெட்டி மூன்றையும் காணோம். தெருமுனைக் கடையை எழுப்பி வாங்கிய கேன் தண்ணீரில்தான் அந்த வீட்டின் முதல் வேலை நடந்தது.

விற்றவருக்கு நானே போன் செய்தேன். திருடர் இல்லை, பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பதறவே இல்லை. “வக்கீல் சார், போர் வீட்டைச் சேர்ந்தது, அதை நான் தொடலையே. மோட்டார் போன வருஷம் 32,000 ரூபாய் போட்டு நான் வாங்கினது. ஆள் விட்டு இழுத்தா மேல வந்துடுது. வர்ற பொருள் எப்படி வீடாகும்?” என்றார்.

இருபது வருடமாகச் சொத்துப் பத்திரங்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. இந்த ஒரு வாதத்தை எத்தனை விதமாகக் கேட்டிருப்பேன்! ஸ்க்ரூவைக் கழற்ற முடிந்தால் நம்ம பொருள், சிமென்ட் வைத்துப் பூசியிருந்தால் வீட்டைச் சேர்ந்தது. படிக்காதவர், படித்தவர், இன்ஜினீயர், ஆடிட்டர், எல்லோருக்கும் இதே சட்டம்தான். யார் இயற்றினார்கள் என்றுதான் தெரியவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாசற்கதவைக் கழற்ற எத்தனை ஸ்க்ரூ? கீலுக்கு நாலு ஸ்க்ரூ வீதம் மூன்று கீலைக் கழற்றினால் கதவு கையோடு வந்துவிடும். ஜன்னல் கதவுகளும் அப்படித்தான். வாஷ்பேசின் இரண்டு போல்ட்டில் நிற்கிறது. மீட்டர் பெட்டியையே ஸ்க்ரூவில்தான் மாட்டியிருக்கிறார்கள். உங்கள் கணக்குப்படி பார்த்தால் வீட்டை விற்றவர் சுவரையும் தரையையும் மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம். அதைவிட ஒன்று கேட்கிறேன். சாவி எதில் ஒட்டியிருக்கிறது? எதிலும் இல்லை, உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. வீட்டை விற்றுவிட்டு, “சாவி தனிப் பொருள், தர மாட்டேன்” என்பீர்களா?

சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882. அதன் 8-வது பிரிவு இதை நேராகவே சொல்கிறது. வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, வீட்டை விற்றால் அதனுடைய பூட்டு, சாவி, கம்பிகள், கதவு, ஜன்னல், அந்த வீட்டோடு நிரந்தரமாகப் பயன்பட வைத்த மற்ற எல்லாமும் சேர்ந்தே போகும். பூட்டையும் சாவியையும் பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள். மாட்டுவண்டிக் காலத்துச் சட்டம், ஆனாலும் இந்தத் தகராறு அன்றைக்கே இருந்திருக்கிறது போல. 3-வது பிரிவில் நிலத்தோடு இணைந்தது எது என்பதற்கு விளக்கம் இருக்கிறது. அங்கேயும் ஸ்க்ரூ டிரைவர் வரவில்லை. அந்தப் பொருள் எதில் இணைந்திருக்கிறதோ, அதை நிலையாக அனுபவிப்பதற்காக இணைத்ததா என்பதுதான் கேள்வி. சுவரில் ஆணியடித்து மாட்டிய கடிகாரம் சுவருக்காக மாட்டியது இல்லை, நீங்கள் மணி பார்க்க மாட்டியது, எடுத்துக்கொண்டு போங்கள். போர்வெல்லுக்குள் இறக்கிய மோட்டார் வீட்டுக்குத் தண்ணீர் வருவதற்காக இறக்கியது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தரையில் ஓர் ஓட்டை. யார் காசு போட்டார், எப்போது போட்டார் என்பதெல்லாம் இங்கே பேச்சே இல்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடித்ததும் உங்கள் காசுதான், சுரண்டிக்கொண்டா போவீர்கள்?

சரி, இதற்குள் அடங்காத பொருட்களும் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஃபேன், கீசர், ஏசி, சிம்னி, இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி. இவற்றில் இரண்டு பக்கமும் வாதாடலாம். ஃபீஸ் கொடுத்தால் இரண்டு பக்கமும் நானே வாதாடுவேன். அதனால்தான் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன், எழுதுங்கள் என்று. கிரயப் பத்திரத்தில் “கதவு, நிலை, ஜன்னல், மின் இணைப்பு, அதன் டெபாசிட் உட்பட சகல பாத்தியங்களும்” என்று வழக்கமாக ஒரு வரி வரும். எல்லாப் பத்திரத்திலும் வருகிற அந்த வரியில் உங்கள் வீட்டு கீசர் இருக்காது. விற்பனை ஒப்பந்தம் போடுகிற அன்றைக்கே அறை அறையாக ஒரு பட்டியல் போட்டு, எது இருக்கும், எது போகும் என்று இருவரும் கையெழுத்துப் போட்டு இணையுங்கள். ஒரு ஏ4 தாள் போதும். அட்வான்ஸ் கொடுக்கும் அன்று பத்து லட்சத்தை எண்ணுகிறவர்களுக்கு இந்தத் தாளைக் கேட்க மட்டும் கூச்சம். “தப்பா நினைச்சுப்பாங்க சார்” என்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டுமே.

விற்பவர்களுக்கும் சொல்கிறேன். தாத்தா வீட்டிலிருந்து கொண்டுவந்த தேக்கு நிலைக்கதவு, ஊஞ்சல் பலகை, அம்மா கையால் வைத்த துளசி மாடம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் வாங்குபவர் வீடு பார்க்க வரும் அன்றே சொல்லிவிடுங்கள். முடிந்தால் முன்னாலேயே கழற்றி, அந்த இடத்தில் வேறொன்றை மாட்டிவிட்டு வீட்டைக் காட்டுங்கள். ஒருவர் வாசலில் பதித்திருந்த தன் தாயாரின் பெயர்க்கல்லைக் கேட்டார். வாங்கியவர் மேஸ்திரியை வைத்து உடையாமல் பெயர்த்துக் கொடுத்து, ஆட்டோ வரைக்கும் தூக்கியும் வந்தார். விற்றவர் அதைக் கேட்காமல் எடுத்திருந்தால், வாங்கிய அதே ஆள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருப்பார்.

இன்னொரு தந்திரம் இருக்கிறது, இது எனக்குக் கோபமே வரவழைக்கும். எடுக்க மாட்டார்கள், மாற்றிவிடுவார்கள். ஒப்பந்தம் போட்ட அன்று பித்தளைக் குழாய் இருந்திருக்கும், சாவி வாங்கும் அன்று பிளாஸ்டிக் குழாய் இருக்கும். மாடுலர் கிச்சனில் கதவுகள் மட்டும் காணாமல் போய், பெட்டிகள் வாய் பிளந்து நிற்கும். கேட்டால் “குழாய் இருக்கே சார்” என்பார்கள். சட்டத்தின் 55-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒப்பந்தத் தேதியிலிருந்து வீட்டை ஒப்படைக்கும் வரை, பொறுப்பான ஒரு சொந்தக்காரர் தன் வீட்டை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள விற்பவர் கடமைப்பட்டவர். ஒப்பந்தம் போட்ட பிறகு அந்த வீடு உங்கள் பெயரில் இருந்தாலும் உங்கள் இஷ்டத்துக்கு இல்லை. வாங்குபவரே, அன்றைக்கே ஒரு வீடியோ எடுங்கள். குழாயைத் திறந்து, ஸ்விட்சைப் போட்டு, அலமாரிக் கதவைத் திறந்து, நிதானமாக எடுங்கள். கல்யாண வீட்டில் எடுப்பது போல ஓடிக்கொண்டே எடுக்காதீர்கள்.

மரங்களைப் பற்றி இரண்டு வரி. மண்ணில் வேர் விட்டது வீட்டோடு போகும், தொட்டியில் இருப்பது உங்களோடு வரும். தென்னையில் காய் பறிப்பதற்கும் கணக்கு உண்டு. உரிமை கைமாறும் வரை சொத்தின் வருமானம் விற்பவருக்குத்தான். பதிவுக்கு முதல் நாள் பறித்தால் அவர் தேங்காய். மறுநாள் ஏணியோடு வந்தால் கதை வேறு.

வாங்குபவர்கள் எல்லாம் அப்பாவிகள் என்றும் சொல்ல மாட்டேன். வீடு பார்க்கப் போனபோது ஹாலில் சோபாவும் ஃப்ரிட்ஜும் இருந்தன, அதனால் அவையும் சேர்ந்து வரும் என்று நினைத்தவரைப் பார்த்திருக்கிறேன். அவை வேண்டுமென்றால் தனியாக விலை பேசி ரசீது வாங்குங்கள். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். சோபாவுக்கு அது கிடையாது. அதற்காக ஒரு லட்ச ரூபாய் சோபாவை 15 லட்சம் என்று எழுதி வீட்டின் விலையைக் குறைத்துக் காட்டலாமா என்று கேட்டு என்னிடம் வராதீர்கள்.

எடுத்துப் போவதை விட, விட்டுப் போவதில் வரும் தலைவலி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உடைந்த கட்டில், பஞ்சு பிதுங்கிய மெத்தை, காய்ந்துபோன பெயின்ட் டப்பா, பரணில் பழைய டிவி. “தேவைப்படுமேன்னு விட்டோம்” என்பார்கள். யாருக்குத் தேவைப்படும்? அதை அள்ளிப்போட டெம்போ வாடகை வாங்கியவர் கொடுக்கிறார். இவையாவது கண்ணுக்குத் தெரிகிற சாமான். பாக்கிகள் தெரியாது. சொத்து வரி, தண்ணீர் வரி, அடுக்ககம் என்றால் சங்கத்துக்கான பராமரிப்புப் பணம். கிரயத் தேதி வரையிலான அரசு வரிகள் விற்பவருடைய பொறுப்பு என்று அதே 55-வது பிரிவு சொல்கிறது. ஆனால் நோட்டீஸ் வீட்டுக் கதவில்தான் ஒட்டுவார்கள், அவருடைய புது வீட்டைத் தேடிப் போய் ஒட்ட மாட்டார்கள். மின்சாரமும் அப்படித்தான். பழைய சொந்தக்காரர் வைத்த பாக்கியைக் கட்டினால்தான் அந்த இடத்துக்குப் புதிய இணைப்பு என்று மின் வாரியத்தின் விதிகள் சொன்னால் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே சாவி வாங்கும் அன்று மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள், கடைசி ரசீதுகளைக் கையில் வாங்குங்கள், மின் இணைப்பின் பெயரை உடனே மாற்றுங்கள். பெயர் மாற்றாமல் மூன்று வருடம் ஓட்டிவிட்டு, விற்றவர் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகளின் கையெழுத்துக்கு அலைகிறவர்கள் உண்டு.

கண்ணுக்குத் தெரியாமல் விட்டுப்போகும் இன்னொன்று, பாஸ்வேர்டு. சிசிடிவி கேமராவை “உங்களுக்கே வச்சுக்குங்க” என்று பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். செயலி அவர்கள் போனில் அப்படியே இருக்கும். யாரும் வேண்டுமென்று பார்க்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்பது முன்னாள் சொந்தக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. கைரேகைப் பூட்டு என்றால் பழைய விரல்களை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். சாதாரணப் பூட்டு என்றால் பூட்டையே மாற்றுங்கள், வேலைக்கார அம்மாவிடம் ஒரு சாவி, மேல்வீட்டில் ஒரு சாவி என்று எத்தனை சுற்றிக்கொண்டிருக்கிறதோ.

விட்டுப்போக வேண்டியதை மட்டும் விட்டுப்போக மாட்டார்கள். மூலப் பத்திரங்கள், அனுமதி வரைபடம், வரி ரசீதுகள். முழுப் பணத்தையும் வாங்கிய பிறகு, தன் கைவசம் இருக்கும் சொத்து ஆவணங்களை வாங்கியவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். அதே சொத்தில் ஒரு பாகத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டவருக்கு மட்டும் விலக்கு. அப்புறம், தயவுசெய்து செப்டிக் டேங்க் மூடி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள். மேலே டைல்ஸ் போட்டு மூடிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறீர்கள். நாலு இடத்தில் டைல்ஸை உடைத்துத் தேடிய குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும்.

மோட்டாருக்காக வழக்குப் போடலாமா என்று அந்தத் தம்பி கேட்டார். போடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். 32,000 ரூபாய் மோட்டாருக்கு எத்தனை வாய்தா என்று கணக்குப் போட்டால் தண்ணீர் லாரியே மலிவு. அதனால் என் முதல் அறிவுரை எப்போதும் ஒன்றுதான்: காலி செய்த பிறகு பதிவு. பதிவுக்கு முதல் நாள் மாலை காலி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். ஆடி குறுக்கே வருகிறதா? நல்ல நாள் பார்த்துப் பதிவு பண்ணிக்கொண்டு குடிபோவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். ஆனால் சாவி அன்றைக்கே உங்கள் கைக்கு வர வேண்டும். விற்பவருக்கு அவகாசம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு தொகையை நிறுத்தி வைப்பதாகவும் வீட்டை ஒப்படைத்ததும் கொடுப்பதாகவும் எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள், அம்மா, ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன்.

மூன்று போன், ஒரு வக்கீல் நோட்டீஸ், அவருடைய மகளிடம் ஒரு பேச்சு. மோட்டார் திரும்பி வந்தது. இறக்கும் கூலி இவர்கள் கொடுத்தார்கள், பல்புகளும் ஃபேனும் போனது போனதுதான். பைலை மூடப் போகும்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். பூஜை அலமாரியில் பதினோரு சாமி படங்களை விட்டுப் போயிருக்கிறார்கள், இரண்டுக்குக் கண்ணாடி விரிசல். குப்பையில் போட மனம் வரவில்லை, மாமியார் தொடவும் விடவில்லை. விற்றவரைக் கேட்டால், “இருக்கட்டும்மா, நீங்களே விளக்கேத்துங்க” என்கிறாராம். அதற்கு என்னிடம் பிரிவு எதுவும் இல்லை. பக்கத்தில் அரசமரத்தடிப் பிள்ளையார் கோயில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.