வெஸ்டர்ன்: எந்த மேற்கு?

டிசம்பர் பிறந்ததும் இணையப் படத் தளங்களில் ‘ஃபெய்த் பேஸ்டு கிறிஸ்துமஸ் வெஸ்டர்ன்’ என்ற சொற்கள் கண்ணில் படும். இதைத் தமிழாக்குகிறவர்கள் பெரும்பாலும் ‘நம்பிக்கை அடிப்படையிலான மேற்கத்திய கிறிஸ்துமஸ் திரைப்படம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். படிக்கிறவருக்குப் புரிவது, ஏதோ வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் படம் என்பதுதான். வெஸ்டர்ன் என்ற படவகைக்கு அடையாளமான குதிரையும் துப்பாக்கியும் புழுதியும் அந்தத் தொடரில் எங்கேயும் இல்லை.

கோளாறு ‘மேற்கத்திய’ என்ற அடைமொழியில் இருக்கிறது. மேற்கத்திய இசை, மேற்கத்திய உடை, மேற்கத்திய மருத்துவம் என்று சொல்லும்போது நாம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்த்தே நினைக்கிறோம். வெஸ்டர்ன் படத்தின் மேற்கு அமெரிக்காவுக்குள்ளேயே இருப்பது. ஏறத்தாழ மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம்: டெக்சாஸ், அரிசோனா, வயோமிங், நெவாடா. அட்லாண்டிக் கரையோரம் குடியேறியவர்கள் நிலத்துக்காகவும் தங்கத்துக்காகவும் பூர்வகுடிகளை விரட்டிக்கொண்டே மேற்கு நோக்கிப் போனார்கள். அவர்களுடைய ஊர்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் விளிம்புக்கு ‘ஃப்ரான்டியர்’ என்று பெயர். அப்படி ஒரு கோட்டை இனி வரைய முடியாது என்று 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி அமெரிக்க அரசே அறிவித்துவிட்டது. சினிமா அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்த மேற்கு பழங்கதை ஆகியிருந்தது. 1903இல் எட்வின் போர்ட்டர் எடுத்த ரயில் கொள்ளைப் படம் இந்த வகைக்கு முன்னோடி என்பார்கள். அதைப் படமாக்கிய இடமோ கிழக்கே, நியூ ஜெர்சி! தொடக்கத்தில் ‘வெஸ்டர்ன் டிராமா’, ‘வெஸ்டர்ன் காமெடி’ என்று விளம்பரங்களில் அடைமொழியாக வந்த சொல், பின்னால் இருந்த பெயர் உதிர்ந்து தனியாக நின்றுகொண்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பேச்சு வழக்கு இதை என்றோ முடிவு செய்துவிட்டது: கௌபாய் படம். 1972இல் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’வையும் 2010இல் சிம்புதேவன் எடுத்த ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ படத்தையும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். லயன், முத்து காமிக்ஸில் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களிடம் ‘மேற்கத்தியக் கதை’ என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் விளங்காது. கௌபாய் என்பதை மட்டும் மொழிபெயர்க்கலாமே என்றால், நேர்ச்சொல் மாட்டுக்காரன். ஸ்பானிய மொழியிலும் அதேதான்: ‘வாக்கா’ பசு, ‘வாக்கேரோ’ மாட்டுக்காரன். அமெரிக்க மாட்டுக்காரர்கள் கயிறு வீசும் வித்தையையும் சேணத்தையும் மெக்சிகோ வாக்கேரோக்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தமிழ் ரசிகருக்கு மாட்டுக்காரன் என்றால் 1970இல் வந்த எம்.ஜி.ஆர். படம்தான் நினைவுக்கு வரும். அதை வெஸ்டர்ன் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு ஆசை எழலாம். ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, வழிப்பறிக்காரர்கள் பாலைத் திணையின் ஆறலை கள்வர். வெஸ்டர்னுக்கு வேண்டிய சரக்கெல்லாம் தமிழ் இலக்கண மரபில் இருக்கிறதே, ‘பாலைப் படம்’ என்று வைத்தால் என்ன? காதுக்கு இனிமைதான். ஆனால் வெஸ்டர்னில் பாதி புல்வெளியில் நடக்கிறது, சில பனியில் நடக்கின்றன. எனக்குச் சரியாகப் படுவது ‘எல்லைப்புறப் படம்’. ஃப்ரான்டியரை எல்லைப்புறம் என்று நம் செய்தித்தாள்கள் எழுதிப் பழகியவைதான். வடமேற்கு எல்லைப்புற மாகாணம் என்ற பெயர் அப்படி வந்தது. கட்டுரையில் எல்லைப்புறப் படம், பேச்சில் கௌபாய் படம் என்று வைத்துக்கொள்ளலாம்.

‘ஃபெய்த் பேஸ்டு’ என்பதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘பக்திப் படம்’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஹாலிவுட்டில் இந்தத் தொடர் நடைமுறையில் கிறிஸ்தவப் படங்களையே குறிப்பதால் ‘கிறிஸ்தவ பக்திப் படம்’ என்றால் போதும். இத்தகைய படங்களுக்குக் கூடவே ஒட்டும் ‘ஃபேமிலி ஃப்ரெண்ட்லி’ என்பதை மட்டும் ‘குடும்பப் படம்’ ஆக்கக் கூடாது. நம் குடும்பப் படத்தில் மாமியார், மருமகள், பாகப்பிரிவினை எல்லாம் இருந்தாக வேண்டும்! ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்ற போஸ்டர் வாசகமே சரியான பொருள் தருகிறது.

இந்த மூன்றும் ஒன்றாகக் கூடிய படம் எது என்று கேட்டால், ஜான் ஃபோர்ட் 1948இல் எடுத்த ‘த்ரீ காட்ஃபாதர்ஸ்’. அரிசோனாவில் ஒரு வங்கியைக் கொள்ளையடித்துவிட்டுப் பாலைவனத்துக்குள் ஓடும் மூன்று பேர், தண்ணீர் தேடிப் போன இடத்தில் கூண்டு வண்டிக்குள் பிரசவ வேதனையில் கிடக்கும் பெண்ணைப் பார்க்கிறார்கள். பிள்ளையைப் பெற்று, மூவரின் பெயரையும் சேர்த்து அதற்குச் சூட்டி, அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு அவள் இறந்துபோகிறாள். குழந்தையோடு அவர்கள் நடந்து போகும் ஊருக்குப் பெயர் புதிய எருசலேம். வழியில் இருவர் சாக, நாயகனாக நடித்த ஜான் வெய்ன் மட்டும் கிறிஸ்துமஸ் நேரத்தில் ஊர் வந்து சேர்கிறார். பீட்டர் கைன் எழுதிய இந்தக் கதையை ஃபோர்ட் 1919இலேயே மௌனப் படமாக எடுத்திருந்தார். அதன் பிரதி இன்று இல்லை. 1929இல் வில்லியம் வைலர் எடுத்த வடிவம் கடுமையானது. குழந்தையைச் சேர்ப்பிக்கும் வரை உயிர் தாங்கினால் போதும் என்று நாயகன் தெரிந்தே நஞ்சு கலந்த நீரைக் குடித்துவிட்டு, கிறிஸ்துமஸ் வழிபாடு நடக்கும் கோயிலுக்குள் வந்து விழுந்து சாகிறான். ஃபோர்டின் நாயகனுக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை, அவ்வளவுதான். ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்ற முத்திரைக்காகக் கதைகள் எப்படி இளகுகின்றன என்பதற்கு இந்த இரண்டு முடிவுகளே சான்று. எனக்கு வைலரின் முடிவுதான் பிடிக்கும். பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஃபோர்டுதான் தோது.

தலைப்பைத் தமிழாக்கும்போது இன்னொரு சிக்கல். 1972இல் கொப்போலாவின் படம் வந்தபின் காட்ஃபாதர் என்றாலே தாதா. நம் சினிமாக்காரர்கள் ‘எனக்கு காட்ஃபாதர் யாரும் கிடையாது’ என்று பேட்டி கொடுக்கும்போது அது ஆதரவாளர். இரண்டும் பின்னால் ஏறிய பொருள். அசல் பொருள், ஞானஸ்நானத்தின்போது குழந்தையின் சார்பில் வாக்குக் கொடுத்து, அதன் விசுவாச வாழ்வுக்குப் பொறுப்பேற்பவர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அவரை ஞானத்தந்தை, ஞானத்தகப்பன் என்பார்கள், மலையாளத்தில் தலதொட்டப்பன். இங்கே ‘ஞான’ என்பது அறிவைக் குறிக்கவில்லை. ஞானஸ்நானம், ஞானோபதேசம் என்று வேதபோதகர்கள் காலத்திலிருந்தே ஆன்மிக உறவுக்கும் சடங்குக்கும் அது முன்னொட்டு.

ஆக, ‘மூன்று ஞானத்தந்தையர்’. ஆங்கிலத் தலைப்பில் இல்லாத ஓர் ஒலிப்பொருத்தமும் இதில் தானாக வந்து சேர்கிறது. விண்மீனைப் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்தவர்களைக் கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியம் ‘ஞானிகள்’ என்கிறது. அவர்கள் மூன்று பேர் என்று மத்தேயு எங்கேயும் சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றானதால் ஆளும் மூன்றானார்கள். கொள்ளைக்காரர்கள் மூவரையும் அந்த ஞானிகளாக நிறுத்துவதுதான் கதையின் உள்முடிச்சு. அதைத் தமிழ்த் தலைப்பே காட்டிக் கொடுத்துவிடுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் ‘சாஸ்திரிகள்’ என்று படித்துப் பழகிய சீர்திருத்த சபையாருக்கு மட்டும் இதை ஒரு வரி விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.