ஜீனோம் ஆய்வுக்கு, அதாவது ஓர் உயிரினத்தின் முழு டிஎன்ஏவையும் படிக்க, காட்டில் சாம்பிள் எடுக்கப் போகிறீர்களா?

எனக்குத் தெரிந்த ஒரு ஆய்வு மாணவி வனத்துறைக் கடிதத்தோடுதான் சரணாலயத்துக்குள் போனார். திரும்பும்போது செக்போஸ்ட்டில் பையைத் திறந்தார்கள். சிலிக்கா ஜெல்லில் காய வைத்திருந்த இருபது இலைகளும் போயின. அவரிடம் இருந்தது உள்ளே நுழைய அனுமதி, பறிக்க அல்ல. கடிதம் கொடுத்த அலுவலகம் அதை ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நுழைவுக்குப் பிரிவு 28. விலங்கிடமிருந்து சாம்பிள் எடுக்கப் பிரிவு 12. பட்டியலில் உள்ள செடி என்றால் 17பி. மூன்றும் வேறு வேறு. விலங்கின் உடலில் எந்தப் பாகத்தை எடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது 'வேட்டை'. ஆகவே ஒரு சொட்டு ரத்தத்துக்கும் வேட்டை அனுமதிதான் கேட்க வேண்டும். சிரிக்காதீர்கள். கீழே கிடக்கும் மயிர், இறகு, நகத்தையும் அனுமதி இல்லாமல் பொறுக்காதீர்கள்.

அடுத்த பொறி அட்டவணை, அதாவது பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைச் சட்டம் வகை பிரித்துத் தரும் பட்டியல். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு அட்டவணைகள் நான்காகிவிட்டன. சீனியரின் பழைய விண்ணப்பத்தைப் பார்த்து எண்ணைக் காப்பியடித்தால், மாதக்கணக்கில் கிடந்துவிட்டு 'திருத்தி அனுப்பவும்' என்று திரும்பி வரும். வரையாடு முதல் அட்டவணை. அதற்கு மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் மட்டும் கையெழுத்திட முடியாது. மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். நீலக்குறிஞ்சி இப்போது மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. ஒரு இலைக்கும் மாநில அரசு வரை ஃபைல் போகும்.

சென்னையில் தலைமைக் காப்பாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் 'மாவட்ட வன அலுவலரின் கருத்துரை வேண்டும்' என்பார்கள். அங்கே போனால் ரேஞ்சர் அறிக்கை வரவில்லை. ரேஞ்சரைக் கேட்டால், மேலிருந்து கடிதமே வரவில்லையாம். அதனால் மூன்று இடத்திலும் ஒரே நாளில் நகல் கொடுங்கள். முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். அப்புறம் ஃபைல் எண்ணைச் சொல்லித்தான் விசாரிக்க வேண்டும். பெயரைச் சொன்னால் யாரும் தேட மாட்டார்கள்.

மனுவில் அறிவியல் பெயர், எத்தனை சாம்பிள், எந்தத் திசு, எந்த வனக்கோட்டம், கூட வருபவர்களின் பெயர் எல்லாம் இருக்கட்டும். லேபுக்கு எடுத்துச் செல்வதையும் தனியாகக் கேளுங்கள். 'உலர்ந்த இலை' என்று எழுதி அனுமதி வாங்கிவிட்டு, முழு ஜீனோமுக்கு நீளமான டிஎன்ஏ வேண்டும், பச்சை இலையைத் திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும் என்று பிறகு தெரிந்து முதலிலிருந்து அலைந்தவர்கள் உண்டு. பூக்கும் பருவம் உங்களுக்காகக் காத்திருக்காது.

சரி, உயிரி வளங்களை யார், எதற்கு எடுக்கலாம் என்று சொல்லும் பல்லுயிர்ச் சட்டம்? இந்தியாவில் வசிக்கும் இந்தியர் இங்கேயே வணிக நோக்கமில்லாமல் ஆய்வு செய்தால் தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டாம். 'அதையும் வாங்கி வா' என்று அலையவிடுபவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆனால் வருமான வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் ஒப்புதல் தேவை. இந்தியப் பாஸ்போர்ட் காப்பாற்றாது. 'வெளிநாட்டு லேபில் சீக்வென்ஸ் செய்தால் (டிஎன்ஏவின் வரிசையைப் படித்தால்) மலிவு' என்று உங்கள் ஆய்வு கைட் சொன்னால் ஒப்புதல் வரும்வரை பார்சலைக் கட்டாதீர்கள். பிரித்தெடுத்த டிஎன்ஏதானே என்பதும் செல்லாது. சட்டத்தில் மரபணுப் பொருளும் உயிரி வளமே.

வேலை முடிந்ததும் அறிக்கையைக் கொடுத்து அதற்கும் ஒப்புகை வாங்குங்கள். அறிக்கை நிலுவையில் இருந்தால் அடுத்த அனுமதிக்குப் போகும்போது முதலில் அதைத்தான் எடுத்து வைப்பார்கள்.