சுண்டெலியை அசைக்காத நஞ்சு

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடமடவென்று செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்திருந்த பிரேசிலிலிருந்து வந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சையின் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அஃப்ளாடாக்சினை ஆபத்தானதாக ஆக்குவதே நம் ஈரல்தான். அங்குள்ள சைட்டோகுரோம் பி450 என்சைம்கள் அதில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் செருகுகின்றன. பிறப்பது எபாக்சைடு என்னும் முரட்டு மூலக்கூறு. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின் இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஈரல் புற்றுநோய்க்கு வழி அப்படித்தான் திறக்கிறது.

அது டிஎன்ஏவை எட்டுமுன் மடக்க வேண்டியது குளூட்டாத்தியோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் குடும்பம். சுருக்கமாக ஜிஎஸ்டி (வரி அல்ல, என்சைம்). குளூட்டாத்தியோன் என்பது மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த சின்ன மூலக்கூறு. நடுவில் இருக்கும் சிஸ்டீனின் கந்தக அணுதான் அதன் கை. ஜிஎஸ்டி அந்தக் கந்தகத்தைத் துடிப்பாக்கி எபாக்சைடோடு பிணைத்துவிடும். பிணைந்தது நீரில் கரையும். பித்தநீரிலோ சிறுநீரிலோ வெளியேறிவிடும்.

சுண்டெலியிடம் இந்த வேலையை அசுர வேகத்தில் செய்யும் ஆல்ஃபா வகை ஜிஎஸ்டி ஒன்று இருக்கிறது. அதனால் அஃப்ளாடாக்சின் அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பெரிய எலிக்கு அந்த வசதி இல்லை. ஈரலில் புற்று வந்துவிடுகிறது. நம்முடைய ஆல்ஃபா ஜிஎஸ்டியும் இந்த விஷயத்தில் மந்தம்தான். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள். வறுத்தாலும் நஞ்சு முழுசாகப் போகாது.

மனிதரில் ஜிஎஸ்டி வகைகளின் மரபணுக்கள் பல குரோமோசோம்களில் பரவிக் கிடக்கின்றன: ஆல்ஃபா வகை 6-ஆம் குரோமோசோமில், மியூ 1-இல், பை 11-இல், தீட்டா 22-இல். மியூ வகையைச் சேர்ந்த ஜிஎஸ்டிஎம்1 மரபணுவின் இரு பக்கமும் ஒரே மாதிரியான டிஎன்ஏ வரிசைகள் உள்ளன. குரோமோசோம்கள் ஜோடி சேரும்போது இவை மாறிப் பொருந்திவிட்டால் நடுவில் உள்ள மரபணு அப்படியே கழன்றுவிடும். ஐரோப்பியர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த மரபணு அறவே கிடையாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு அவர்களுக்குச் சற்றே கூடுதல். மற்றபடி நன்றாகத்தான் வாழ்கிறார்கள், மிச்ச ஜிஎஸ்டி உறவுகள் வேலையைப் பார்த்துக்கொள்வதால். இந்த ஒரு மரபணு இல்லை என்று பயமுறுத்தி மாத்திரை விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

அப்புறம், ஜிஎஸ்டி தொட்டதெல்லாம் சாதுவாகும் என்றும் இல்லை. பெயிண்ட் உரிக்கப் பயன்படும் டைகுளோரோமீத்தேனை தீட்டா வகை என்சைம் டிஎன்ஏவைத் தாக்கும் பொருளாகவும் ஃபார்மால்டிஹைடாகவும் மாற்றுகிறது. அந்த என்சைமுக்கான மரபணுவும் பலரிடம் இருப்பதில்லை. இந்த ரசாயனத்தைப் பொறுத்தவரை அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.